முகப்பழக்கம்

மின்வாரியத்தில் கணக்கெடுப்பு எனக்கு.
மூலைக்கரைப்பட்டிப் பக்கம்
வீடு, கடை, கோழிப்பண்ணை, ஒரு அரவை மில்.
ஒரு மீட்டருக்கும் அடுத்த மீட்டருக்கும் நடுவே
சீமை உடை.

அது மஞ்சளாய்க் கதிர்விடும் மாதங்களில்
ஒரு வீட்டு எண்ணை எழுதி முடிப்பதற்குள்
ஏழெட்டுத் தும்மல்.
கரண்டுக்காரி வருவது
பண்ணைக் கோழிகளுக்கே முன்கூட்டித் தெரியும்.
ராத்திரியானால் நெஞ்சுக்குள் யாரோ
துருவேறிய கதவைத் திறந்து திறந்து மூடுவார்கள்.

பாளையங்கோட்டையில் டாக்டர் ஷம்ஷாத்
முன்கையில் வரிசையாய்ச் சொட்டு வைத்துக் குத்தினார்.
கரப்பான், தூசி, நாய்முடி, புல்
எல்லாம் சும்மா கிடக்க
ஒரே ஒரு இடம்
எட்டணாக் காசு அகலத்துக்குத் தடித்து எழுந்தது.
"மரத்துக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல.
உங்க உடம்புதான் அதைக் கள்ளன்னு
எழுதி வச்சிருக்கு."

எனக்கு விளங்கியது.
ஒற்றைக் குண்டு பல்புக்கே ட்ரிப் ஆகும் வீடுகளை
நான் பார்த்திருக்கிறேன்.
பழுது பல்பில் இருக்காது.

ஊசியில் இருந்தது வேறு ஒன்றுமில்லை,
அதே மகரந்தம்.
இருக்கிறதா இல்லையா என்ற அளவில் தொடங்கி
சனிக்கு சனி ஒரு படி கூட.
போட்டதும் அரைமணி நேரம் பெஞ்சில்.
நர்ஸ் ஜெபக்கனி ஸ்கேலோடு வந்து
கையை அளப்பாள்.
"அரிக்கா? மூச்சு முட்டுதா?
பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு
பொய் சொல்லப்பிடாது, கேட்டியளா."

நாலாம் மாதம் ரத்தம் பார்த்தால்
குறைய வேண்டிய எண் கூடியிருந்தது.
கூடிய எண் என்றால்
கூடிய பில் என்று பழகியவள் நான்.
"முதல்ல ஏறத்தான் செய்யும்,
இறங்க வருசக்கணக்காகும்" என்று
டாக்டர் தாளை மடித்துத் தந்துவிட்டார்.

அந்த எண்ணுக்குப் பின்னால்
எனக்குத் தெரியாமல் என்னென்னவோ நடந்திருக்கிறது.
வந்த மகரந்தத்தை வழியிலேயே கைப்பிடித்து
நிறுத்திவைக்கும் வேறொரு எதிர்ப்பொருள்
ஊறத் தொடங்கியிருக்கிறது.
"விடுங்கப்பா, தெரிஞ்ச ஆளுதான்" என்று
மற்றவர்களை அமர்த்தும் அணுக்கள் சில
எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கின்றன.
தொட்டால் வெடிக்கும் பழைய அணுக்கள் மட்டும்
நெடுநாள் முறைத்துக்கொண்டே இருந்தன.

அந்த வருசம்தான்
சீமை உடையை வேரோடு பிடுங்க
ஜே.சி.பி. வந்தது.
குளத்துக்குள் பத்து நாள் புழுதி.
ஒரு மழைதான் பெய்தது,
தூர்கட்டையெல்லாம் துளிர்விட்டது.

மார்கழியில் ஆறு பாலத்தைத் தொட்டு ஓட
மூன்று சனிக்கிழமை போச்சு.
நாலாவது சனி போய் நின்றபோது
ஜெபக்கனி பழைய குப்பியை எடுத்தாள்.
ஏறிய படியில் பாதி இறங்கி
மறுபடி முதலிலிருந்து அல்ல,
முதலுக்குப் பக்கத்திலிருந்து.
அன்றைக்குத்தான் அழுதேன்.
மூக்கு ஒழுகுவதால் யாரும் கவனிக்கவில்லை.

எட்டுப் பத்து பஸ்ஸில் ஒருவர் ஏறுவார்,
முன்பல்லில் இரண்டு இல்லாதவர்.
முதல் மாதம் நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.
இப்போது அவர் வந்தால் ஒதுங்கி இடம் விடுகிறேன்.
பேர் தெரியாது.
பேசியதில்லை.
உடம்பும் அந்த மரமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.
பிரியமெல்லாம் இல்லை.

மூன்றாம் வருசம், மாதத்துக்கு ஒரு ஊசி.
ஜெபக்கனியைச் சேரன்மகாதேவிக்கு மாற்றிவிட்டார்கள்.
புது நர்ஸ் கையைக் கண்ணாலேயே அளக்கிறாள்.
அரைமணி நேரத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று கோழிப்பண்ணை வாசலில்
அன்னபாக்கியம் திடுக்கிட்டாள்.
"எப்ப வந்திய? ஒரு சத்தத்தையும் காணும்!"
ஒரே ஒரு தும்மல் மூக்கின் நுனிவரை வந்து
யோசித்து நின்றது.
மீட்டர் கண்ணாடியில்
மஞ்சள் தூள் படிந்திருந்தது.
விரலால் துடைத்துவிட்டு
எண்ணைப் படித்தேன்.